வயதான பெரிய நாயின் மூட்டுவலி: சிங்கப்பூர் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பத்து வயது லாப்ரடார் படியேறத் தயங்கினால் வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வயதாகிவிட்டது, பாவம்." இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ நாய்களின் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. படியேறத் தயங்கும் பெரிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு மூட்டு வலிக்கிறது. அந்த வலியைப் பெருமளவு குறைக்க முடியும். மருந்து மட்டும் போதாது, வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். அதில் பாதி வேலை காசு அதிகம் கேட்காதது.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் வளர்ப்பவர்கள் நாய்க்கு ஏழு வயது ஆனதுமே இதைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது. வீவக வீடுகளில் பெரிய இனங்களுக்கு அனுமதி இல்லை என்றாலும், 'அடோர்' திட்டத்தின் கீழ் தத்தெடுக்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்கள் அங்கே உண்டு. அவற்றுக்கும் இது பொருந்தும்.

பெரிய நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் சும்மா வருவதில்லை. இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் குட்டியாக வளரும்போதே சரியாகப் பொருந்தாமல் போயிருக்கலாம். முழங்கை மூட்டு கோணலாக வளர்ந்திருக்கலாம். பின்னங்கால் முழங்காலின் தசைநார் எப்போதோ கிழிந்திருக்கலாம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு இதனால் சீக்கிரம் தேய்கிறது, மூட்டின் உறை வீங்குகிறது, ஓரங்களில் புதிய எலும்பு முட்களைப்போல் வளர்கிறது. தேய்ந்தது மீண்டும் வளராது. ஆனால் வீக்கம், எடை, தசை பலம், தரை ஆகிய நான்கும் நம் கையில் இருக்கின்றன.

முதல் படி: வலியைக் கண்ணால் பார்க்கப் பழகுங்கள்

நாய் வலியில் முனகும் என்று காத்திருக்காதீர்கள். நாள்பட்ட வலியில் நாய்கள் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. வால் ஆட்டும், சாப்பிடும், விருந்தாளியை வரவேற்க வாசல்வரை வரும். வலி தெரிவது அசைவில்தான்.

காலையில் நாய் எழுந்திருப்பதை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். நல்ல இடுப்புள்ள நாய் பின்னங்கால்களால் தன்னைத் தள்ளி எழும். இடுப்பு வலிக்கும் நாய் முன்னங்கால்களை முதலில் ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி, உடலை முன்னால் இழுத்து எழும். பின்பாதங்கள் ஒன்றிரண்டு முறை தரையில் வழுக்கிய பிறகே நிலைகொள்ளும். எழுந்ததும் சில அடிகள் விறைப்பாக நடந்து பிறகு சரளமாகிவிடும். "நடந்தால் சரியாகிவிடுகிறதே" என்று நம்மை ஏமாற்றுவது இதுதான். ஓய்வுக்குப் பின் விறைப்பு, நடந்தால் தளர்வு என்பது மூட்டுத் தேய்மானத்துக்கே உரிய அடையாளம்.

இன்னும் சில: ஓடும்போது பின்னங்கால் இரண்டும் முயல்போலச் சேர்ந்தே துள்ளுவது, தொடைச் சதை வற்றித் தோளும் மார்பும் மட்டும் பருத்துத் தெரிவது, காரில் ஏறும்முன் நின்று யோசிப்பது, மணிக்கட்டையோ முழங்காலையோ விடாமல் நக்குவது, பிள்ளைகள் இடுப்பைத் தொட்டால் சட்டென்று நகர்ந்துகொள்வது. பின்பாத நகங்களின் மேற்பக்கத்தையும் பாருங்கள். நகம் தேய்ந்திருந்தால் காலை இழுத்து நடக்கிறது என்று பொருள்.

இவற்றையெல்லாம் கைத்தொலைபேசியில் படம்பிடியுங்கள்: எழுவது, படியேறுவது, பக்கவாட்டில் நடப்பது, பின்னாலிருந்து நடப்பது. மருந்தகத்துக்குள் நுழைந்ததும் பரபரப்பில் பல நாய்கள் நொண்டலையே மறைத்துவிடும். வீட்டில் எடுத்த அரை நிமிடப் படம் மருத்துவருக்குப் பெரிய உதவி.

இரண்டாம் படி: கால்நடை மருத்துவரிடம் சென்று உறுதிப்படுத்துங்கள்

எல்லா நொண்டலும் மூட்டுத் தேய்மானம் அல்ல. அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நம் ஊரில் உண்ணி ஆண்டு முழுவதும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கும் மூட்டு வலிக்கும், சோர்வு வரும். அதற்கான மருந்து முற்றிலும் வேறு. பெரிய இனங்களில் எலும்புப் புற்றுநோய் வரும். ஒரே காலில் கடுமையான நொண்டல், எலும்பின் மேல் கெட்டியான வீக்கம் இரண்டையும் கண்டால் மறுநாள்வரை தள்ளிப்போட வேண்டாம். ஜெர்மன் ஷெப்பர்ட்களுக்கு முதுகுத் தண்டு மெல்ல மெல்லச் சிதையும் நோய் ஒன்று வருகிறது. அதில் வலி இருக்காது. பாதம் மடங்கி மேற்பக்கம் தரையில் உரசும். திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே நின்றால் முழங்கால் தசைநாரைச் சோதிக்க வேண்டும்.

மருத்துவர் நடையைப் பார்ப்பார், ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டுவார், எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். ரத்தப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்த பிறகே வலிமருந்தைத் துணிந்து கொடுக்க முடியும்.

போய்வருவதும் ஒரு வேலைதான். எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்ற நாய்களை ஏற்ற முடியாது. கார் இல்லாதவர்கள் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகை வண்டியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், நாயின் எடையையும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கே வரும் கால்நடை மருத்துவர்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். படுத்தால் எழ முடியாத 35 கிலோ நாய்க்கு அதுவே சிறந்த வழி.

மூன்றாம் படி: தரையைச் சரிசெய்யுங்கள்

மருந்து வாங்கும் முன்பே செய்யக்கூடியது இது. நம் வீடுகளில் பளிங்கோ வழவழப்பான ஓடோதான் பெரும்பாலும் தரை. மனிதருக்கு அது குளிர்ச்சி. இடுப்பு பலவீனமான நாய்க்கு அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் சறுக்கல். சறுக்காமல் இருக்க நாய் தொடையையும் முதுகையும் இறுக்கிக்கொண்டே நடக்கிறது. மாலைக்குள் அந்தத் தசைகள் வேறு வலிக்க ஆரம்பிக்கின்றன. ஒரு முறை பின்னங்கால் அகலமாக விரிந்து விழுந்துவிட்டால், பிறகு அந்த அறைக்குள் வரவே பயப்படும். நாய் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டால் 'தனிமையை விரும்புகிறது' என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள்.

வீடு முழுவதும் விரிப்புப் போட வேண்டியதில்லை. நாய் நடக்கும் தடத்தைக் கவனியுங்கள்: படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து உங்கள் சோபா. இந்தத் தடம் முழுவதும் இடைவெளி விடாமல் விரிப்பு வேண்டும். யோகா விரிப்பு போதும். பிள்ளைகளுக்குப் போடும், ஒன்றோடொன்று கோக்கும் நுரை விரிப்புகளும் நல்லவை. விரிப்பே நகர்ந்தால் பயனில்லை, அடியில் ரப்பர் வலை போடுங்கள். எழுந்து திரும்பும் இடங்களில், குறிப்பாகப் படுக்கைக்கு முன்னால், விரிப்பு அகலமாக இருக்கட்டும். அங்கேதான் அதிகம் சறுக்கும்.

பாதத்தையும் பாருங்கள். பாத மெத்தைகளுக்கு இடையே முடி வளர்ந்திருந்தால் வழுக்கும் தரையில் பட்டுத் துணி கட்டி நடப்பதைப்போல ஆகிவிடும். அதை மெத்தையின் மட்டத்துக்குக் கத்தரியுங்கள். நகம் நீண்டிருந்தால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு மூட்டின் கோணமே மாறும். வயதான நாய் நடை குறைவதால் நகம் தானாகத் தேயாது. வாரம் ஒரு முறை சிறிது சிறிதாக வெட்டுங்கள்.

மாடிப்படி உள்ள தரைவீடுகளில் படியின் மேலும் கீழும் தடுப்புக் கதவு போடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஏறி இறங்க விடாதீர்கள். காருக்குச் சாய்தளப் பலகை வாங்கும்போது நீளமானதாக வாங்குங்கள். குட்டையான பலகை செங்குத்தாக நிற்கும், நாய் ஏற மறுக்கும். முதல் வாரம் அதைத் தரையில் தட்டையாகப் போட்டு, தீனி வைத்து நடக்கவிடுங்கள்.

நான்காம் படி: எடையைக் குறையுங்கள்

மூட்டுவலி மருந்துகளில் மிகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால் எடை குறைப்பதைத்தான் சொல்வேன். பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாக உண்டவை ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏற்கெனவே நொண்டும் பருமனான நாய்கள்கூட உடல் எடையில் 6 விழுக்காடு குறைந்ததுமே மேம்பட்டு நடந்ததை வேறோர் ஆய்வு காட்டியது. 36 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். எட்டாத இலக்கு இல்லை.

விலா எலும்பின் மேல் விரல்களை வைத்துத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்புகள் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு மேல்நோக்கி ஏறியிருக்க வேண்டும். இவை இல்லையென்றால் எடை அதிகம்.

30 கிலோ இருக்க வேண்டிய நாய் எடை குறைய ஒரு நாளுக்கு ஏறக்குறைய 900 கலோரி போதும். வெறும் பரோட்டா ஒன்றில் சுமார் 200 கலோரி. காலையில் தாத்தா தட்டிலிருந்து ஒரு பரோட்டா போனால் அன்றைய உணவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நம் குடும்பங்களில் இதுதான் உண்மையான சிக்கல். யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுப்பதில்லை. "ஐயோ, வாயைப் பார்க்கிறதே, ஒரு துண்டு கொடும்மா" என்று அத்தை சொன்னால் மறுக்க மனம் வராது. மறுக்க வேண்டாம், கொடுப்பதை மாற்றுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த பூசணி, பீன்ஸ், நறுக்கிய கேரட், வெள்ளரி ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு மேசையில் வையுங்கள். கொடுக்க ஆசைப்படுபவர்கள் அதிலிருந்து கொடுக்கட்டும். நாளுக்கான உலர் உணவைக் காலையிலேயே தராசில் நிறுத்து ஒரு பாத்திரத்தில் வைத்துவிட்டால், யார் கொடுத்தாலும் அதிலிருந்தே போகும். இரண்டு பேர் இரண்டு முறை இரவுச் சாப்பாடு போடும் குழப்பமும் தீரும். வாரத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு எடை குறைந்தால் போதும், அதைவிட வேகம் வேண்டாம்.

தீபாவளி, பொங்கல் நாட்களில் இன்னொரு கவனமும் தேவை. பாயசத்திலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பார், குழம்பு, வடையிலுள்ள வெங்காயமும் பூண்டும் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். விருந்தாளிகள் வந்ததும் இதைச் சொல்லிவிடுவதில் கூச்சப்படவே வேண்டாம்.

ஐந்தாம் படி: மருந்தை மருத்துவர் கையில் விடுங்கள்

நாய்களுக்கென்றே உள்ள வீக்கமடக்கி மருந்துகள்தான் முதல் வரிசை: கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப், கிராபிப்ரான்ட். சரியான நாய்க்கு, சரியான அளவில் இவை நன்றாக வேலை செய்கின்றன. உணவோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா என்று ஒவ்வொரு மருந்துக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கரிய தார் போன்ற மலம், பசியின்மை, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஒரு வீக்கமடக்கியோடு இன்னொன்றையோ ஸ்டீராய்டையோ சேர்க்கக் கூடாது. தோல் அரிப்புக்கு வேறு மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். தொடர்ந்து கொடுக்கும் நாய்க்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும்.

இவை ஒத்துவராத நாய்களுக்கு மாதம் ஒரு முறை தோலடியில் போடும் பெடின்வெட்மாப் ஊசி இருக்கிறது. வலிச் செய்தியைக் கடத்தும் ஒரு புரதத்தை அது மடக்குகிறது. பல நாய்கள் அதனால் நன்றாக நடக்கின்றன. ஆனால் நடைத் தடுமாற்றம், வலிப்பு, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது போன்ற பக்க விளைவுகள் சில நாய்களில் பதிவானதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நன்மையையும் அபாயத்தையும் மருத்துவரிடம் கேட்டு, உங்கள் நாயின் நிலையை வைத்து முடிவெடுங்கள். நாள்பட்ட வலிக்கு காபாபென்டின், அமான்டடீன் போன்றவற்றையும் துணையாகச் சேர்ப்பார்கள்.

நம் வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ளவற்றைத் தொடவே தொடாதீர்கள். பனடோலில் உள்ள பாரசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் பாதிக்கும். ஐபுபுரோஃபென் குடலில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பாட்டியின் கோடாலித் தைலமும் அப்படித்தான். தைலத்திலுள்ள கற்பூரமும் மெந்தாலும் தோலில் எரியும்; நாய் அதை நக்கி விழுங்கும்போது நஞ்சாகும். அன்பால் தேய்க்க நினைப்பவருக்கு வேறு வேலை கொடுங்கள், கீழே சொல்கிறேன். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் எண்ணெயை வெளிநாட்டு இணையதளங்கள் நாய் மூட்டுவலிக்குப் பரிந்துரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தை நினைவில் வைத்து அதை வாங்கவோ வரவழைக்கவோ வேண்டாம்.

துணை உணவுகளில் மீனெண்ணெய்க்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவு கேட்டுக் கொடுங்கள், அதிலும் கலோரி உண்டு. குளுக்கோசமினுக்கு ஆதாரம் பலவீனம். காசு குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு விரிப்பு வாங்குங்கள்.

ஆறாம் படி: நடை, வெயில், தண்ணீர்

படுக்கவைத்தால் தசை வற்றும். தசை வற்றினால் மூட்டின் மேல் பாரம் கூடும். அதனால் நடை வேண்டும். குட்டையாக, அடிக்கடி, ஒவ்வொரு நாளும் ஒரே அளவில். வார நாட்களில் வீட்டிலேயே வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இரண்டு மணி நேரம் நடத்தினால் திங்கட்கிழமை எழ முடியாது. பந்து எறிவதை நிறுத்துங்கள். ஓடிச் சட்டென்று நின்று திரும்புவதுதான் மூட்டை அதிகம் வதைக்கிறது. புல்லில் மெதுவாக முகர்ந்து நடக்கவிடுங்கள், அதுவே அதற்குப் போதுமான மகிழ்ச்சி. மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் முந்தைய நாள் நடை அதிகம் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில் உதிக்கிறது. எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், மாலையில் இருட்டிய பிறகு போங்கள். நடைபாதையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளை சரியாகத் திறக்காத கோளாறு வருவதுண்டு. குரைப்பு கரகரத்து, மூச்சு இரைச்சலோடு வந்தால் வெயிலும் புழுக்கமும் அதற்கு உயிராபத்து. மருத்துவர் பார்த்த பிறகே நடை. ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டாபர்மேன் போன்ற இனங்களுக்குப் பொது இடத்தில் வாய்க்கவசம் சட்டப்படி கட்டாயம். துணிக் கவசம் வேண்டாம், வாயைத் திறந்து மூச்சுவாங்க இடம்விடும் கூண்டுக் கவசம் வாங்குங்கள்.

நாய்களுக்கான நீர்ப்பயிற்சி நிலையங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. நீருக்குள் நடக்கவைக்கும் ஓடுபொறியில் உடல் எடை மூட்டில் இறங்காமல் தசை வேலை செய்கிறது. வசதி உள்ளவர்கள் கட்டாயம் முயலுங்கள். மருத்துவரின் பரிந்துரையோடு, பயிற்சி பெற்றவர் கூடவே நீரில் நிற்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: கையால் செய்யும் பணிவிடை

தைலம் தேய்க்க நினைத்த பாட்டிக்கான வேலை இது. ஈரத்துணியைச் சூடாக்கி, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, இடுப்பில் பத்து நிமிடம் வைக்கட்டும். பிறகு முதுகெலும்பின் இரு பக்கத்துச் சதையையும் தொடையையும் உள்ளங்கையால் மெதுவாக, முடி வளரும் திசையில் தடவட்டும். எலும்பின் மேல் அழுத்தக் கூடாது. நாய் திரும்பிப் பார்த்தாலோ உதட்டை நக்கினாலோ அங்கே நிறுத்த வேண்டும். மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் ஒத்தடமும் தடவலும் வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படுக்கை கெட்டியான நுரையில் இருக்கட்டும். கையால் அழுத்தினால் தரை தட்டக் கூடாது. கால் நீட்டிப் படுக்கும் நீளம் வேண்டும், விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடத்தில் போடாதீர்கள். அதேசமயம் புழுக்கமான அறையிலும் விடாதீர்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் பெரிய நாய்க்கு வெப்பமே முதல் எதிரி. மின்விசிறியோடு மிதமான ஏர்கான் பெரும்பாலும் ஒத்துப்போகும். நாய் குளிர்ந்த ஓட்டில் படுக்கவே விரும்பினால், மெத்தை வெப்பமாக இருக்கிறது என்று பொருள். மேலே பருத்தி விரிப்புப் போட்டுப் பாருங்கள்.

உணவுக் கிண்ணத்தைச் சற்று உயர்த்தினால் கழுத்தும் முழங்கையும் வலிக்கும் நாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் ஆழ்ந்த மார்புள்ள பெரிய இனங்களில் உயர்ந்த கிண்ணத்துக்கும் வயிறு முறுக்கிக்கொள்வதற்கும் தொடர்பிருக்கலாம் என்று ஓர் ஆய்வு சொன்னதால், மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் உயர்த்துவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

பின்பக்கத்தைத் தூக்கக் கைப்பிடி உள்ள இடுப்புக் கச்சை கிடைக்கிறது. அவசரத்துக்கு நீளத் துண்டை வயிற்றின் அடியில், பின்னங்காலுக்கு முன்னால், கொடுத்து இரு முனையையும் பிடித்துத் தூக்கலாம். முழு எடையையும் தூக்க வேண்டாம், தடுமாறாத அளவுக்குத் தாங்கினால் போதும். வீட்டில் நாயை நடத்துபவர் பணிப்பெண்ணாக இருந்தால் இதையெல்லாம் அவருக்கு நேரில் செய்து காட்டுங்கள். மருந்து அட்டவணையை அவர் படிக்கும் மொழியில் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். நாயோடு பகல் முழுவதும் இருப்பவர் அவர்தான். மாற்றத்தை முதலில் காண்பவரும் அவரே.

எழ முடியாத நாட்கள் வரும்போது

படுத்தே இருக்கும் நாயைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். முழங்கை, இடுப்பு எலும்பு, கணுக்கால் வெளிப்புறம் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். சிறுநீர் பட்ட முடியை உடனே கழுவி நன்றாக உலர்த்துங்கள். இந்த ஈரக் காற்றில் அரைகுறையாக உலர்ந்த தோல் சீக்கிரம் புண்ணாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு நாட்காட்டி எடுத்து, நாய் விரும்பிச் சாப்பிட்டு, உங்களைப் பார்த்து வாலாட்டி, வலியில்லாமல் தூங்கிய நாளுக்கு ஒரு குறியும், அப்படி இல்லாத நாளுக்கு வேறு குறியும் போடுங்கள். வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை என்ற ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, 70இல் 35க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் முறையை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்திருக்கிறார். அதை வாரம் ஒரு முறை குடும்பத்தில் எல்லாரும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 50 என்றும் மற்றவர் 25 என்றும் போட்டால் உட்கார்ந்து பேசுங்கள். மதிப்பெண் வாராவாரம் இறங்கிக்கொண்டே போனால், மருந்தை மாற்ற முடியுமா, விடைகொடுக்கும் நேரமா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். அதைக் கேட்பது நாயைக் கைவிடுவதாகாது.

வீட்டுக்கே வந்து அமைதியாக உறங்கவைக்கும் மருத்துவர் யார், அதன்பின் தகனத்துக்கு யாரை அழைப்பது, நள்ளிரவில் திறந்திருக்கும் மருந்தகம் எது என்ற மூன்று எண்களையும் இப்போதே எழுதி அந்த மருந்து அட்டவணைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். நடுராத்திரியில் அழுதுகொண்டே தொலைபேசியில் தேடும் நிலை வரக் கூடாது.